ஒரு கை தைக்காத கோட்டு

நம் பள்ளிக்கூட நினைவு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று சிட்னிக்காரன் செய்தி அனுப்பியிருந்தான். நம் வகுப்பில் படித்த கடைக்கார வீட்டுப் பையன்தான், இப்போது அவனைச் சிட்னிக்காரன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நம்மில் நான் ஒருத்தி. இருந்தும் என் எழுத்து ஒரு பக்கத்தில் அடங்காது.

தமிழில் எழுதுகிறேன். உங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்க வராது என்று தெரியும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். இங்கிலீஷில் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது. இந்தியில் பேச மட்டும் தெரியும். சனிக்கிழமைகளில் கோயில் கொட்டகையில் பூசாரி சொல்லிக்கொடுத்த எழுத்தை நீங்கள் அங்கேயே விட்டுவிட்டீர்கள். எனக்கும் விட்டுத்தான் போயிருக்கும். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாலு வருஷம் பாத்திரம் கழுவினேன். அங்கே வடை மடிக்க வைத்திருந்த பழைய பேப்பரைப் படித்துப் படித்துத் திரும்பி வந்தது.

எழுதப் போவது அந்தக் காப்பு விஷயம். போன வருஷம் வோட்டுவாலேவுவில் பெஞ்சுக்காரி வீட்டில் கூடினோமே, அன்று அவள் அதைச் சொன்னாள், நீங்கள் கைகூப்பினீர்கள். அவள் சொன்னதில் ஒரு ஆள் விடுபட்டிருக்கிறது.

பெஞ்சுக்காரி யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகளும் படித்தாலும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பள்ளிக்கூடம் நம் தீவில், தவுவா டவுனிலிருந்து நாலு மைல் உள்ளே, கரும்புக்கு நடுவில் இருந்தது. எட்டாம் வகுப்பில் பதினோரு பேர். ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் நானும் அவளும். அந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. இரண்டு பேரும் இரண்டு முனையில் உட்கார்ந்தால் நிற்கும். ஒருத்தி எழுந்தால் மற்றவள் சாய்ந்து விழ வேண்டியதுதான். அதனால் வாத்தியார் அவளைக் கேள்வி கேட்டால் நானும் கூடவே எழுந்து நிற்பேன்.

"கேள்வி ஒண்ணு, பதில் சொல்ல ரெண்டு பேரா?" என்பார் வாத்தியார்.

பதில் எப்போதும் அவளுடையது. கணக்கை அவள் போடுவாள், நான் பார்த்து எழுதுவேன். அவள் டப்பாவில் ரொட்டியும் முட்டைக் குழம்பும் இருக்கும். என் டப்பாவில் டின் மீன் இருந்தால் விசேஷம், மற்ற நாளில் மரவள்ளிக்கிழங்கு. அவள் பாதியை என் பக்கம் தள்ளுவாள். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்பு, நட்பு என்று மலரில் நிறையப் பேர் எழுதுவீர்கள். அதுவும் இருந்திருக்கலாம். அவள் போய்விட்டால் கணக்கு போகும், முட்டை போகும், பெஞ்சு சாயும். அப்போது எனக்குப் பட்டது இவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் ராணுவம் முதல் தடவை பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. தலைநகர் சுவாவில் நடந்ததை நாம் ரேடியோவில் கேட்டோம். பள்ளிக்கூடத்தை ஒரு வாரம் மூடினார்கள். நமக்கு அது விடுமுறை, நண்டு பிடிக்கப் போனோம். பெரியவர்கள் குடிக்க யங்கோனா வேர்ப்பொடி கரைத்த கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து, அந்த வருஷம் கரும்பை வெட்டுவதா நிற்கவிடுவதா என்று பேசினார்கள். எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு "பேப்பர் போட்டாச்சா?" என்பதில் வந்து நின்றது. பேப்பர் என்றால் வெளிநாட்டுக்கு விண்ணப்பம்.

பள்ளிக்கூடம் திறந்தபோது வகுப்பில் ஓட்டை விழ ஆரம்பித்தது. முதலில் தச்சர் வீட்டு இரட்டையர். பிறகு டாக்சிக்காரர் மகள். வாத்தியார் பழக்கத்தில் போனவர்கள் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிடுவார். அப்போது பின் பெஞ்சிலிருந்து சிட்னிக்காரன்தான், "வான்கூவர், சார்!", "ஆக்லாந்து, சார்!" என்று கத்துவான். நாம் சிரிப்போம். வாத்தியார் சாக்கட்டியை எறிவார். ஒருநாள் எறியவில்லை. பெயர்ப் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் வழியே கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறு மாதம் அவரே போய்விட்டார்.

பெஞ்சுக்காரியின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை தையல்காரி. நம் எல்லாருடைய யூனிபாரமும் அத்தையின் மிஷினில் தைத்ததுதான். அவளுடைய தங்கை கனடாவில் இருந்தாள், இரண்டு வருஷம் முன்பே இவர்களுக்குப் பேப்பர் போட்டிருந்தாள். அந்த ஜூலையில் கடிதம் வந்தது. கனடா அதிகாரிகள் சுவாவுக்கு வந்து சில நாள் உட்காருவார்கள், குடும்பம் மொத்தமும் குறித்த நாளில் நேரில் வர வேண்டும், ஒருவர் வராவிட்டாலும் பேப்பர் மூடப்படும். வீட்டில் மூன்றே பேர். அத்தை, மாமா, பெஞ்சுக்காரி.

மாமா போவோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குத்தகை நிலத்தில் கரும்பு நின்றது. கோயிலில் தீமிதிக்கு விறகு சேர்ப்பது அவர் பொறுப்பு. அதையே செய்துகொண்டிருந்தார். துடித்தவள் அத்தை ஒருத்திதான். தங்கையின் கடிதத்தோடு ஒரு காலண்டர் படம் வந்திருந்தது. பனியில் ஒரு பெண், கோட்டுப் போட்டுக்கொண்டு. அத்தை அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி, அதைப் பார்த்துக் கோட்டு வெட்டினாள். பிறந்ததிலிருந்து ஒரு கோட்டைக் கண்ணால் பார்த்திராதவள்.

துணி, சிட்னிக்காரன் அப்பாவின் கடையில் வாங்கின பச்சைக் கம்பளி, ஓரத்தில் இரண்டு சிவப்புக் கோடு. வாங்கும்போது நானும் இருந்தேன். அத்தை கம்பளியை விரலால் கசக்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"இது நிஜக் கம்பளிதானா அண்ணே? பஞ்சைக் கலந்து தலையில கட்டிடாதீங்க. குழந்தை போடறது."

"நீ என்னம்மா, பனியில படுத்துத் தூங்கலாம் இதுல. சூடு இல்லைன்னா கனடாவிலேர்ந்து எனக்கு லெட்டர் போடு."

"போடத்தான் போறேன்" என்றாள் அத்தை.

பெஞ்சுக்காரி அளவுக்கு நிற்க மாட்டாள், நெளிவாள். எங்கள் இரண்டு பேருக்கும் தோள் ஒன்று என்பதால் அத்தை என்னை நிறுத்தினாள். மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நான் கம்பளிக் கோட்டில் நின்றேன். கழுத்தெல்லாம் அரித்தது. வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு அத்தை பேசினாள்.

"அங்க தையல் ஃபேக்டரியில வேலை இருக்குதாம். இவ சித்தி சொல்லியிருக்கா. நாலு பேர் மாதிரி காலையில பஸ் ஏறிப் போவேன், சாயங்காலம் வருவேன். இவளை நர்ஸுக்குப் படிக்க வைப்பேன். அசையாதேடி. இந்த ஆத்தைத் தவிர நான் ஒரு தண்ணியைப் பாத்ததில்ல."

"சுவா போயிருக்கீங்களா அத்தை?"

"எதுக்குப் போவேன்? இப்பத்தான் போகப்போறேன்."

உடம்பு தைத்தாகிவிட்டது, ஒரு கையும் வைத்தாகிவிட்டது. இன்னொரு கை மட்டும் பாக்கி.

சுவாவுக்குப் போக வேண்டிய நாள் தீமிதிப் பத்து நாளுக்குள் வந்தது. எனக்கு அந்த வருஷம் வேண்டுதல். முந்தின வருஷம் என் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அப்பா என்னை நேர்ந்துவிட்டிருந்தார். காப்புக் கட்டுவது என்றால் என்ன என்று இப்போது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. மஞ்சளில் நனைத்த கயிற்றைப் பூசாரி மணிக்கட்டில் கட்டுவார், ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. கட்டினபிறகு மஞ்சள் துணிதான், ஒரு வேளைச் சாப்பாடுதான், கோயில் கொட்டகையில்தான் படுக்கை. தீ மிதித்துக் காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையில் ஓடுகிற ஓடையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டில் ஒருத்தருக்கு ஆகாது என்பார்கள். யாரும் தாண்டிப் பார்த்ததில்லை.

காப்புக் கட்டின நாள் மத்தியானம். மறுநாள் விடியற்காலை ராக்கிராக்கி வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்று பேரும் சுவாவுக்குக் கிளம்ப வேண்டும். பெஞ்சுக்காரி என்னைப் பார்க்கவும் பூசணிக்காய் நறுக்கவும் கொட்டகைக்கு வந்திருந்தாள். நறுக்கி முடித்து, சாப்பிட்டு, பெண்கள் பாயில் சாய்ந்தார்கள். அவளும் ஓரத்தில் படுத்துத் தூங்கிப்போனாள். பூசாரி ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தார். மீதிக் கயிறுகள் பித்தளைத் தட்டில் சாமி முன்னால் கிடந்தன.

ரொம்ப யோசித்ததாக நினைவில்லை. நினைவிருப்பது கயிற்றின் ஈரம், விரலில் ஒட்டின மஞ்சள், அவள் உதட்டோரத்தில் நின்ற ஒரு ஈ. அவள் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டேன். பாவாடை நாடாவுக்குப் போடுகிற முடிச்சு, அதுவும் இரட்டையாக. அவள் கண் பாதி திறந்து மூடியது. நான் போய்த் தேங்காய்ச் சில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா எழுந்து பார்த்துவிட்டுக் கூவினாள். எல்லாரும் எழுந்தார்கள். பெஞ்சுக்காரி கையைத் தூரத்தில் நீட்டி வைத்துக்கொண்டு, பாம்பு சுற்றின மாதிரி அழுதாள். பூசாரி ஈர வேட்டியோடு ஓடி வந்தார்.

"யார் கட்டினீங்க? உண்மையைச் சொல்லுங்க."

பூசாரி பெஞ்சுக்காரி பக்கம் திரும்பினார்.

"நீ யாரையாச்சும் பாத்தியாம்மா?"

"தூக்கத்துல" என்றாள் அவள் விக்கிக்கொண்டே. "மஞ்சத் துணி மாதிரி தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு கிழவி அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். அந்தக் கொட்டகையில் மஞ்சள் துணி உடுத்தி முப்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இன்றைக்கு யோசித்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

மாமா விறகு அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து வந்தார். பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அது பயபக்தி என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

பிறகு அத்தை வந்தாள். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும், மிஷினிலிருந்து நேராக எழுந்து வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா, ரவிக்கையில் பச்சை நூல் துணுக்கு, கையில் பெரிய கத்திரிக்கோல். அதைக் கீழே வைக்க மறந்து வந்தாளா, வேண்டுமென்றே கொண்டுவந்தாளா என்று தெரியாது. மகளின் கையைப் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அறுத்துடலாம் பூசாரி. நாளைக்குப் பஸ்ஸு."

"நானா கட்டினேன் அறுக்கறதுக்கு? கட்டினவங்கதான் அவிழ்க்கணும்."

"கட்டினவங்க யாரு?"

பூசாரி சாமி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் அத்தை மாமாவிடம். "ரெண்டு வருஷம் காத்திருந்தது. ஒரு நாள்தான். போய்ட்டு வந்து வேணும்னா பொண்ணு மறுபடியும் கட்டிக்கட்டும்."

"அம்மன் போக வேணாம்னு சொல்றா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?" என்றார் மாமா.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் அப்பா பெல்ட்டைக் கழற்றியிருப்பார், பூசாரி அவிழ்த்திருப்பார், அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். தேங்காய்ச் சில் வாயிலேயே இருந்தது. அத்தை கத்திரிக்கோலை ஒரு தடவை திறந்து மூடினாள். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பிறகு திரும்பி, வந்த வழியே நடந்தாள்.

காலை பஸ் போன சத்தம் கொட்டகையில் கேட்டது. பெஞ்சுக்காரி என் பக்கத்தில் படுத்திருந்தாள். "பஸ்ஸு போவுது" என்றாள். "ஆமா" என்றேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். அவள் தீ மிதித்தாள், ஒரு பொட்டுச் சூடு படவில்லை. எனக்கு வலது பாதத்தில் காசு அகலத்துக்குக் கொப்புளம். "உன் மனசுல ஏதோ குத்தம் இருக்குது" என்றாள் அந்தக் கிழவி. குருட்டாம்போக்கில் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். நீங்கள் எனக்குச் 'சுட்ட காலு' என்று பேர் வைத்தீர்கள். பூசாரி எல்லாருடைய காப்பையும் அவிழ்த்தார். பெஞ்சுக்காரியின் முடிச்சு வரவில்லை. நகத்தால் நிமிண்டிப் பார்த்து, கடைசியில் பல்லால் இழுத்தார். அதையும் அற்புதத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பேப்பரை மூடிவிட்டதாகக் கடிதம் வந்தது. தங்கை திரும்பப் போட்டாள். அதற்குள் அங்கே விதி மாறியிருந்தது, படிப்பு வேண்டும், வயது வேண்டும் என்றார்கள். அத்தை கோட்டுக்கு இரண்டாவது கை வைக்கவே இல்லை. அதைப் பிரித்து, மீதிக் கம்பளியையும் சேர்த்து ஐந்து பள்ளிப் பைகள் தைத்தாள். சிவப்புக் கோடு போட்ட பச்சைப் பை உங்களில் நாலு பேருக்கு நினைவிருக்கும். ஐந்தாவது எனக்கு. அதை என் தோளில் மாட்டிவிட்டு, "அளவு சரியாத்தான் இருக்குது" என்றாள்.

செப்டம்பரில் ராணுவம் மறுபடி வந்தது. என் அப்பா அந்த வருஷக் கரும்பை விட்டுவிட்டுச் சுவாவில் சொந்தக்காரர் ஒருத்தருடைய தகர வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு மூன்று வாரம் பாக்கி. அவளைப் போகவிடாமல் கட்டிப் போட்டவள் நான், மூன்று மாதத்தில் பெஞ்சைவிட்டு எழுந்துபோனவளும் நான். அவள் அந்தப் பெஞ்சில் தனியாக எப்படி உட்கார்ந்தாள் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்கவில்லை. செங்கல் வைத்துக்கொண்டாளாம். சிட்னிக்காரன் சொல்லித்தான் தெரியும்.

என்னைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. சுவாவில் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தேன், பதினாறு வயதில். மீன் டப்பாக் கம்பெனியில் இரண்டு வருஷம். ஒரு கல்யாணம் நடந்தது, ஓடவில்லை. ஈப்போ. பிறகு நியூசிலாந்தின் தெற்கு மூலையில் ஆட்டுக்கறித் தொழிற்சாலை ஒன்று. ஒரு இடத்தில் நாலு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. நிற்க முடியாது என்று இல்லை, கிளம்புவது எனக்கு எளிதாக வந்தது. பச்சைப் பை கூடவே வந்தது.

அவர்களுக்கு நடந்தது வேறு. அடுத்த ராணுவக் கலகத்தின்போது குத்தகை முடிந்தது, நிலத்துக்காரர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. மாமா கோயிலிலேயே காவலாக ஒட்டிக்கொண்டார். காலையும் மாலையும் விளக்கேற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் காப்புக் கதையைச் சொல்லி, அங்கேயே போய்ச் சேர்ந்தார். பெஞ்சுக்காரி டீச்சரானாள். ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிறவரைக் கட்டிக்கொண்டு, ஏர்போர்ட்டை ஒட்டின வோட்டுவாலேவுவுக்கு வந்தாள். அத்தையும் மிஷினோடு கூட வந்தாள்.

இனி அந்தக் கூட்டம். பதினோரு பேரில் ஒன்பது பேர் வந்தோம். நான் உள்ளே நுழைந்ததும் சிட்னிக்காரன், "அரே, சுட்ட காலு உயிரோடதான் இருக்கா!" என்றான். உங்களில் ஒருத்தருக்கும் தலையில் கறுப்பு முடி இயற்கையாக இல்லை. ஆட்டுக்கறி, பருப்பு, பெட்டி பெட்டியாகக் குளிர்பானம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விமானம் கூரைக்கு மேலே போனது, போகிறவரை எல்லாரும் பேச்சை நிறுத்தினீர்கள். அந்தக் காலத்தில் கரும்பு ரயில் போகும்போது வாத்தியார் நிறுத்துவாரே, அதேபோல.

பிறகு பெஞ்சுக்காரி எழுந்து சொன்னாள், இந்தியில். அம்மன் மஞ்சள் சேலையில் நேரில் வந்து கட்டினது, போகாதே என்று சொன்னது, அதனால்தான் இந்த வீடு, இந்த இரண்டு பிள்ளைகள், இந்தக் கூட்டம் என்று. சிட்னிக்காரன் ஃபோனில் படம் பிடித்தான். கனடாவிலிருந்து வந்த இரட்டையர்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். நான் தண்ணீர் குடிப்பதுபோல சமையலறைக்குப் போனேன்.

அத்தை முக்காலியில் உட்கார்ந்து ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்பது வயது. மகள் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லையாம். நான் அடுப்புப் பக்கம் நின்று ரொட்டியைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன். நாலு ரொட்டி ஆயிற்று.

"அத்தை, அந்தக் காப்பைக் கட்டினது நான்தான்."

தேய்க்கிற கட்டை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கேதான். கையைக் கிட்ட வெச்சுப் பாத்தேன் இல்ல? பாவாடை முடிச்சு. சாமி எதுக்குடி பாவாடை முடிச்சுப் போடப்போவுது? அப்புறம் சுத்திப் பாத்தேன். எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டு நின்னாங்க. நீ ஒருத்தி தேங்காயை மெல்லாம கன்னத்துல அடக்கிக்கிட்டு நின்னே."

"அப்போ ஏன் அறுக்கல?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்." மாவை உருட்டினாள். "உன் வேலைன்னு தெரிஞ்சும், எங்கேயோ ஒரு பயம். ஒருவேளை சாமியே உன் கையால கட்டவெச்சிருந்தா? நாளைக்கு இவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் ஊரு என்னைத்தானே பாக்கும்? நூலு. ஒரு வெட்டு. கத்திரிக்கோல் கையிலே இருந்துது." மாவு படிந்த வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "உன்னை நான் திட்டினதில்ல. இந்தக் கையைத்தான் தினமும் திட்டறேன்."

வெளியே நீங்கள் சிரிக்கிற சத்தம். ஒரு விமானம் போனது. அத்தை நிமிர்ந்து பார்க்காமலே, "ஆக்லாந்து" என்றாள். அடுத்து நேரத்தைப் பார்த்துவிட்டு, "வான்கூவர் பக்கம் போறவங்க எல்லாம் ராத்திரி ஏறுவாங்க" என்றாள். நான் வெந்த ரொட்டியைத் தட்டில் போட்டேன்.

"மாமாவுக்குத் தெரியுமா அத்தை?"

"அவருக்கு எதுக்குத் தெரியணும்? அந்த முடிச்சை நம்பித்தானே அத்தனை வருஷம் விளக்கேத்தினாரு. போக வேணாம்னு அவர் மனசுல இருந்ததைச் சாமி சொல்லிட்டா, அவருக்கு நல்லதாப் போச்சு. நான் இருக்கறவரைக்கும் வாயைத் திறக்காதே. என் புருஷன் பேரைச் சொல்லி இவங்க சிரிக்கறதை நான் பாக்க வேணாம். நான் போனப்புறம் உன் இஷ்டம்."

இந்த மழைக்காலத்தில் அத்தை போய்விட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பெஞ்சுக்காரி, உனக்குத் தமிழ் படிக்க வரும், நம்மில் நன்றாகப் படித்தவள் நீதான். நீ பார்த்தது சேலை இல்லை, என் பாவாடை. உன் பிள்ளைகளையும் வீட்டையும் பற்றி நீ சொன்னதை நான் பொய்யாக்க வரவில்லை, அவை இருக்கின்றன. உன் அம்மாவுக்கு இல்லாமல் போனதற்கு மட்டும் நான் காரணம். அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். என் பக்கத்தில் உட்காருவதும் உட்காராததும் உன்னுடையது.

அன்று சமையலறையில் கடைசியாகப் பேசினதையும் எழுதிவிடுகிறேன்.

மாவு தீர்ந்துவிட்டது. அத்தை பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நீ எங்கெங்கேயோ போனியாமே. பனி பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். நியூசிலாந்துல, ஒரு குளிர்காலம் முழுக்க."

"எப்படி இருக்கும்?"

"முதல் நாள் வெள்ளையா இருக்கும். நடக்க ஆரம்பிச்சா சேறுதான்."

"நம்ம ஊர்ச் சேறு மாதிரியா?"

"அதைவிட மோசம் அத்தை. காலு விறைச்சுப் போகும்."

அவள் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "நான் ஒரு பச்சைப் பை தெச்சுக் குடுத்தேனே, அது என்னாச்சு?"

உண்மையைச் சொன்னேன். தொழிற்சாலை விடுதியில் போர்வை போதவில்லை. பையின் தையலைப் பிரித்து, விரித்து, ராத்திரியெல்லாம் காலில் சுற்றிக்கொண்டு படுத்தேன். மறு வருஷம் ஒரு பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன்.

"அப்போ அந்தத் துணி பனியில இருந்துதா?"

"இருந்தது அத்தை."

"சூடா இருந்துதா?"

"இருந்தது. முட்டிக்குக் கீழ குளிரவே இல்ல."

அத்தை எழுந்து, ரொட்டித் தட்டை என் கையில் கொடுத்தாள். வெளியே சிட்னிக்காரன் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"நல்ல கம்பளிதான்" என்றாள். "இவங்கப்பா ஏமாத்தல."